மூணு நிமிஷத்தில் முட்டை வேகாது

மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் மூன்று ஊர்ப் பள்ளிகளையும் நடத்தும் பள்ளி மாவட்டத்தின் வாரியம் கூடும். ஊரார் யாரானாலும் எழுந்து மூன்று நிமிஷம் பேசலாம். ஊர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த வாரியத்தார் ஏழு பேரும் பதில் சொல்லக் கூடாது. சமையலறை மணிக்கடிகாரம் ஒன்றை முறுக்கி மேஜையில் வைத்திருப்பார்கள். அது கிணுகிணுத்தால் வாயை மூட வேண்டும்.

"மூணு நிமிஷத்துல ஒரு முட்டை வேகுமாய்யா?" என்று வெல்டா பைஃபர் மாதா மாதம் கேட்பாள். கேட்டே கால் நிமிஷம் போய்விடும்.

வெல்டா பிரேரிடேல் சின்னப் பள்ளியின் சமையல்காரி. இருபத்திரண்டு வருஷமாக வியாழக்கிழமை என்றால் கொத்துக்கறியும் பீன்ஸும் போட்ட சில்லி என்கிற காரக் குழம்பு, கூடவே பட்டைத் தூள் போட்ட பன். காரத்தையும் இனிப்பையும் ஒரே தட்டில் வைப்பதைப் பார்த்து வெளி மாநிலத்தார் முகம் சுளிப்பார்கள். கான்சாஸ் பிள்ளைகள் சுளிக்க மாட்டார்கள். தட்டை நக்குவார்கள்.

அந்த மாவட்டமே மூன்று ஊர்கள் கட்டிக்கொண்ட கல்யாணம்தான். பிள்ளைகள் குறைந்துபோய், தனித்தனியாய் இருந்தவை ஒன்றாய்ச் சேர்ந்தன. மனப்பொருத்தம் பார்த்துச் செய்ததல்ல. சீர்வரிசை பிரித்ததுபோல ஒரு ஊருக்கு உயர்நிலைப் பள்ளி, ஒரு ஊருக்கு நடுநிலை, பிரேரிடேலுக்குக் குட்டிப் பிள்ளைகள். ஆபீஸை எந்த ஊரில் வைத்தாலும் வெட்டுக்குத்து வரும் என்று நடுவில் சோளக்காட்டு ஓரம் கட்டினார்கள். இன்றுவரை அங்கே ஒரு காப்பிக்கடை கிடையாது.

இப்போது புதிதாக ஒரு யோசனை கிளம்பியிருந்தது. உயர்நிலைப் பள்ளியில் ஒரே பெரிய சமையலறை. அங்கிருந்து பத்தொன்பது மைல் வண்டியில் பெட்டிச் சோறு வரும். பிரேரிடேல் அடுப்பு அணையும். வாரியத்தில் மூன்று பேர் சரி என்றார்கள், மூன்று பேர் கூடாது என்றார்கள். ஏழாமவர் கிழவர் டுவைட் ஓர்த், "எனக்கு இடுப்பு வலி, ஜனவரியோட நான் போறேன்" என்று நழுவிக்கொண்டார். முடிவு ஜனவரிக்குத் தள்ளிப் போனது.

கிழவர் நாற்காலிக்கு ஒருத்தரும் மனுப் போடவில்லை. சம்பளமில்லாத வேலை, திட்டு மட்டும் தாராளம். ஓட்டுச்சீட்டில் அந்த இடம் வெறும் கோடாக இருந்தது. பிடித்த பேரை அவரவரே எழுதிக்கொள்ளலாம்.

நவம்பர் ஓட்டு முடிந்து ஒரு வாரம் கழித்து, மாவு பிசைந்துகொண்டிருந்த வெல்டா முன்னால் ராண்டி கெஸ்லர் வந்து நின்றான். மாவட்டப் பள்ளிகளுக்கெல்லாம் மேலாளன். டை கட்டியிருந்தான்.

"வெல்டாக்கா, நீங்க ஜெயிச்சுட்டீங்க."

"எதுல? லாட்டரியிலயா?"

"வாரியத்துல. பதினோரு ஓட்டு. அடுத்து வந்தது பண்ணைக்கார ஹின்ட்ஸோட கிடேரி. நாலு ஓட்டு."

உதவிக்கு நின்ற மார்லா தட்டுகளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அக்கா, கிடேரிய ஏழு ஓட்டுல அடிச்சிருக்கீங்க! சும்மாவா?"

"வாயை மூடுடி. நீ போட்டியா?"

"நானும் எங்க வீட்டுக்காரரும். அவரு முதல்ல கிடேரிக்குத்தான் போடறேன்னாரு."

ராண்டி தொண்டையைச் செருமினான். "ஒரு சிக்கல் இருக்குக்கா. மாவட்டத்துல சம்பளம் வாங்கறவங்க வாரியத்துல உட்காரக் கூடாது. சட்டம். நாற்காலி வேணும்னா கரண்டிய விடணும்."

"வேணாம்னா?"

"மத்த ஆறு பேரும் சேந்து யாரையாவது நியமிப்பாங்க. கார்ல்சன் ஒருத்தர்தான் சரின்னுருக்காரு. வேற ஆள் கிடைக்காததால எல்லாருக்கும் சம்மதம்."

கார்ல்சன் பெட்டிச் சோற்றுக் கட்சிக்காரன் என்பது அடுப்புக்கே தெரியும். நாற்காலியை விட்டால் சமையலறை போகும். நாற்காலியில் உட்கார்ந்தால் சமையலறை நிற்கும், அவள்தான் அதில் நிற்க மாட்டாள்.

"ராண்டி, மூணாங்கிளாஸ்ல பட்டாணிய ஜட்டிப் பைக்குள்ள ஒளிச்சவன் நீ. இப்ப எனக்குச் சட்டம் சொல்ற."

"அது ஜட்டி இல்லக்கா, கால்சட்டை."

"துவைச்சவ உங்கம்மா, அவளக் கேளு."

அவன் போனதும் வெல்டா மாவை ஓங்கி ஓங்கி அறைந்தாள். அன்றைக்குப் பன் எல்லாம் பஞ்சாய் வந்தது. கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தின கடைசி வியாழன்வரை அவள் தன் முடிவை வெளியே விடவில்லை. அன்று சாப்பாடு முடிந்ததும் ஏப்ரனைக் கழற்றி மார்லா தோளில் போட்டாள்.

"பன்னுக்குப் பால் இளஞ்சூடா இருக்கணும். கொதிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"அக்கா, அழறீங்களா?"

"வெங்காயம்டி."

வெங்காயம் அரிந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

ஜனவரியில் வெல்டா ஓட்டையும் சேர்த்து நாலுக்கு மூன்று. அடுப்பு தப்பியது. மார்லா தலைமைச் சமையல்காரி ஆனாள். வெல்டா வீட்டில் தனக்கு மட்டும் சில்லி வைத்துப் பார்த்தாள். ஒரு ஆளுக்குச் சமைக்க அவள் கைக்குத் தெரியவில்லை, ஒன்பது நாள் தின்றாள். பிறகு வியாழன்தோறும் விருந்தாளிச் சீட்டு எழுதிக்கொண்டு பள்ளிக்கே வந்தாள். பானை மூடியைத் திறந்து பார்த்தாள். மோந்தாள். பன்னைக் கட்டைவிரலால் அமுக்கினாள்.

"பால் கொதிச்சிருக்கு" என்றாள்.

ராண்டி ஓடி வந்தான். "அக்கா, வாரியம் என்னை வேலைக்கு வைக்கும், நான் மத்தவங்கள வைப்பேன். சமையலறைக்குள்ள உங்களுக்கு அதிகாரம் இல்ல. சொல்றத கூட்டத்துல சொல்லுங்க."

பிப்ரவரி இரண்டாம் திங்கள். மணிக்கடிகாரம் புதியவர் பொறுப்பு, அதனால் வெல்டா முன்னால் இருந்தது. ஊரார் பேசலாம் என்றதும் மார்லா எழுந்தாள்.

"பேரு சொல்ல மாட்டேன். வாரியத்துல ஒருத்தங்க இருக்காங்க. வியாழக்கிழமை ஆனா வந்து மூடியத் திறக்கறாங்க. ஆவி போயிடுது. புள்ளைங்க முன்னாடி என் பன்ன அமுக்கறாங்க. பன்னு என்ன, டாக்டர்கிட்ட வந்த வயிறா?"

ஊரே சிரித்தது. ராண்டி டையைப் பார்த்துக்கொண்டான். வெல்டா வாயைத் திறந்தாள். பக்கத்து ஆள் முழங்கையால் இடித்தார். பதில் சொல்லக் கூடாது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் அத்தனை நேரம் சும்மா இருந்ததில்லை.

கடிகாரம் கிணுகிணுத்தது. மார்லா பாதி வார்த்தையில் நின்றாள். "இன்னும் பாலைப் பத்திச் சொல்லவே இல்ல" என்று முணுமுணுத்தபடி உட்காரப் போனாள்.

வெல்டா கடிகாரத்தை எடுத்தாள். மறுபடி முறுக்கி மேஜையில் வைத்தாள்.

"பேசுடி" என்றாள். "முட்டை இன்னும் வேகலை."