மாநாட்டுக்குப் போகாமல் சிங்கப்பூருக்கு

எங்கள் கட்சியின் அகில இந்திய மாநாடு இந்த முறை நடந்த மூன்று நாட்களும் நான் சிங்கப்பூரில் இருந்தேன். மன்னார்குடியிலிருந்து நான்கு மாநாடுகளுக்குப் பிரதிநிதியாகப் போனவன் நான். ஐந்தாவதுக்குப் பெயர் கொடுக்கவில்லை. சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருக்கும் என் பழைய கட்சித் தோழன் பாஸ்கரைப் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் மூன்று மாநாடுகளுக்கும் இருவரும் சேர்ந்தே போனோம். ஹைதராபாத், நாக்பூர், டெல்லி. முன்பதிவில்லாப் பெட்டி, கல்யாண மண்டபத்தில் படுக்கை. மும்பையில் வேலை பார்த்தவன் என்பதால் அவனுக்கு இந்தி தெரியும். மேடைப் பேச்சை என் காதருகே தமிழில் சொல்லிக்கொண்டே இருப்பான். நான்காவது முறை எங்கள் ஒன்றியத்துக்கு ஒரே இடம்தான். இருவரும் போட்டியிட்டோம். ஊரில் அவன் வைத்திருந்த வெல்டிங் பட்டறை அப்போதுதான் நொடித்து மூடியிருந்தது. "பட்டறையையே மூடிட்டான், கட்சியை என்னத்தப் பாக்கப் போறான்" என்று வீடு வீடாகச் சொன்னேன். ரகசிய வாக்கெடுப்பு. பதினாறுக்குப் பதினைந்து. ஜெயித்தேன்.

அந்த மாநாடு நடந்த ஜெய்ப்பூரில் இரண்டு நாள் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஊர் திரும்பியபோது பாஸ்கர் வெளிநாடு போயிருந்தான்.

திருச்சியிலிருந்து விமானம் நாலேகால் மணி நேரம். போக வர 19,400 ரூபாய். சனிக்கிழமை காலை 7.10க்கு சாங்கி விமான நிலையத்தில் இறங்கினேன். (கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள்.) எக்ஸ்போவில் ரயில் மாறி லிட்டில் இந்தியா வர ஐம்பது நிமிடம், இரண்டு வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே. டாலரை அங்கே வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் அறை, நாளுக்கு 78 வெள்ளி. ஜன்னல் கிடையாது.

பாஸ்கருக்கு ஞாயிறுதான் விடுமுறை. அறையில் இருப்புக்கொள்ளாமல், அவன் வேலை செய்யும் செம்பவாங்குக்கு ரயிலேறினேன். பேருந்து நிலையத்தில் நின்றிருந்த உள்ளூர்த் தமிழர் ஒருவர், "யாரைப் பாக்கணும்?" என்றார்.

"ஷிப்யார்டுல ஒரு சிநேகிதன்."

"இன்னைக்கு ஒர்க்கிங் டே லா, உள்ள விட மாட்டாங்க. பார்க்குக்குப் போங்க. 882 பஸ் எடுங்க, கடலாவது பாக்கலாம்."

போனேன். எதிரே மலேசியாவின் ஜொகூர் கரை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கைபேசியில் மாநாட்டுப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. எங்கள் மாவட்டத்துக்காரர்கள் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஞாயிறு மதியம் 2.20க்கு லிட்டில் இந்தியா நிலைய வாசலில் பாஸ்கர் வந்தான். தெருவெங்கும் நம் ஊர்ப் பிள்ளைகள். அந்த நெரிசலில் எனக்குத் தெரிந்த முகம் அவனுடையது மட்டும்தான்.

"இளைச்சுட்டே."

"நீங்களும்தான் அண்ணே."

டீக்கடையில் உட்கார்ந்தோம். ஊரில் எல்லாரையும் விசாரித்தான். மாநாடு நாளைக்கு முடிகிறது என்றேன்.

"தெரியும். அதை விட்டுட்டு இங்க வந்திருக்கீங்க." கோப்பையைத் தள்ளி வைத்தான். "உங்களுக்கு விழுந்த பதினாறுல ஒண்ணு என்னோடது அண்ணே."

"ஏன்டா?" என்றேன்.

"தோத்தா நீங்க தாங்க மாட்டீங்க. நீங்க வீடு வீடாப் பேசுனதும் காதுக்கு வந்துச்சு. அதுகூடப் பரவால்ல. எண்ணி முடிச்சதும் கை குடுக்க வந்தேன். என்னைப் பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. அதைத்தான் மறக்க முடியல."

நான் இந்த வருஷம் சம்பா எப்படி விளைந்தது என்று பேச ஆரம்பித்தேன். அவனும் கேட்டுக்கொண்டிருந்தான். 4.30க்கு அவனைத் தொழிலாளர் விடுதிக்குப் போகும் வண்டியில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக ஒரு தடவை கையை உயர்த்தினான். மறுநாள் ஊர் சுற்ற வைத்திருந்த பகலை அந்த ஜன்னலில்லாத அறையிலேயே கழித்துவிட்டுத் திரும்பினேன்.

போகிறவர்களுக்கு: விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வருகை அட்டையைக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்து இணையத்தில் நிரப்பலாம், கட்டணம் இல்லை. தொழிலாளர்களைப் பார்ப்பதானால் ஞாயிறு சேர்ந்து வருகிற மாதிரி பயணத்தைப் போடுங்கள். சனிக்கிழமை தனியாகப் போய் இறங்காதீர்கள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் உட்கார்ந்த உடனே சொல்லிவிடுங்கள். நான் பாஸ்கரிடம் மன்னிப்புக் கேட்டபோது வண்டி சிக்னலைத் தாண்டியிருந்தது.