வெள்ளிக்கிழமைக் கண்ணாடிக்காரி

கந்தோரில் வேலை முடிந்து வந்து, தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுக் கைபேசியைத் தட்டினால், அந்தப் பழைய பள்ளிக்கூடக் கூடைப்பந்துத் தொடர் முழுவதும் கிடக்கிறது. எந்த நாட்டுக் கதையோ, தமிழில் பேசவைத்திருந்தார்கள். எல்லாப் பெண்களுக்கும் ஒரே குரல். வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. தனியாகச் சிரிப்பது நன்றாக இல்லை, நிறுத்திவிட்டேன்.

தேங்காயெண்ணெய் மணம் என்றால் எனக்கு விடுதிதான். அரிப்பு என்கிற கிராமத்திலிருந்து மன்னாருக்குப் படிக்க வந்து, சிஸ்டர்மாரின் விடுதியில் இருந்தேன். சனிக்கிழமை மட்டும் தொலைக்காட்சி போடுவார்கள். பெரியவளுகள் கதிரையில், நாங்கள் நிலத்தில், எண்ணெய்த் தலைகள் வரிசையாக. தொடர் வெள்ளியும் சனியும் போகும். வெள்ளி அந்த நேரம் எங்களுக்குச் செபமாலை. பாதிக் கதைதான் கிடைத்தது.

மிச்சப் பாதியைச் சனி காலை வலைப்பந்துப் பயிற்சியில் ஜெசிந்தா சொல்லுவாள். மன்னார் ரவுணுக்குள்ளேயே வீடு, வீட்டில் தொலைக்காட்சி. எங்கள் அணியில் வளையத்துக்குள் பந்து போடுகிறவளும் அவள்தான். நான் ரிசேவ், ஆள் குறைந்தால்தான் இறக்குவார்கள். மற்றவளுகளின் செருப்பைப் பார்ப்பதும் மைதானத்துக் கழுதைகளை விரட்டுவதும் என் வேலை. சிரிக்காதீர்கள், மன்னாரில் மைதானம் முதலில் கழுதைகளுக்கு, பிறகுதான் பிள்ளைகளுக்கு.

தொடரிலும் அப்படி ஒருத்தி இருந்தாள். கண்ணாடி போட்டவள், மைதானத்தோர வாங்குப் பலகையில் இருந்து கைதட்டுவாள். சனிக்கிழமைகளில் அவளுக்கு வேறு வேலையே இல்லை.

"அவளின்ரை காட்சியெல்லாம் வெள்ளிக்கிழமைதான் வாறது, உனக்குப் பாக்கக் குடுத்துவைக்கேல்லை" என்பாள் ஜெசிந்தா. ஒரு வெள்ளி பயிற்சியாளரோடு சண்டை பிடித்தாளாம். ஒரு வெள்ளி மழைக்குள் தனியே பந்து போட்டுப் பழகினாளாம். நம்பினேன்.

ஒருமுறை வெளியூர்ப் போட்டிக்குப் போன வான் வண்டியில் இடமில்லை என்று என்னை மட்டும் இறக்கிவிட்டார்கள். அடுத்த சனி, அணிச் சட்டையைச் சுருட்டித் திருப்பிக் கொடுக்கக் கொண்டுபோனேன். முதல்நாள் வெள்ளிதான் தொடரின் கடைசிப் பகுதி போனது. ஜெசிந்தா என்னையும் சட்டையையும் பார்த்தாள்.

"நில்லடி. கதையைக் கேட்டிட்டுப் போ. கதாநாயகிக்குக் கால் பிரண்டுபோச்சு. ஆரை இறக்கினவை தெரியுமோ?"

கண்ணாடி கழன்று விழுந்ததாம். கண் தெரியாமலே போட்டாளாம். பந்து வளையத்துக்குள் விழுந்ததாம். ஜெசிந்தா பாய்ந்து போட்டுக் காட்டினாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடம் முடியும்வரை ஒரு ஆட்டத்திலும் என்னை இறக்கவில்லை, அது வேறு விஷயம்.

இப்போது அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்தேன். கதாநாயகிதான் போடுகிறாள். கண்ணாடிக்காரி வாங்கிலும் இல்லை. வெட்டிவிட்டார்களோ என்று முதலிலிருந்து எல்லாம் பார்த்தேன். சண்டையும் இல்லை, மழையும் இல்லை. எழுதின சோம்பேறிக்கு அவளுக்கொரு பெயர் வைக்கவும் பஞ்சி. எல்லாம் ஜெசிந்தா எனக்காகக் கட்டிய கதை.

அவள் இப்போது ஜேர்மனியில். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் எடுத்தேன்.

"அப்பிடி ஒரு நாடகம் போனதோ? எனக்கு ஞாபகமில்லையடி."

"கண்ணாடி போட்டவள். கடைசியிலை அவள்தான் போட்டவள் எண்டு நீதான் சொன்னனீ."

"நானோ?" சிரித்தாள். "நீ இன்னும் அதையெல்லாம் வைச்சுக்கொண்டிருக்கிறாய். சரி, சாப்பிட்டியோ?"

சாப்பிட்டேன் என்றேன்.

விடுதியை மூடிவிட்டார்கள். மைதானத்தில் கட்டடம் எழும்பிவிட்டது. அதற்கெல்லாம் நான் அழுகிற ஆள் இல்லை. ஆனால் கண்ணாடிக்காரி பந்து போட்ட அந்த ஆட்டத்தைத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் மட்டும்.