புகைபோக்கியில் குடியிருந்த காகங்கள்

எனக்கு ஏழரைச் சனி என்று முதலில் சொன்னவர் பேக்கரியில் என்னோடு வேலை செய்த அண்ணை. எண்பதுகளின் நடுப்பகுதி அது. லண்டன் லூயிஷாமில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தட்டில் ஒற்றை அறை எடுத்துத் தனியே இருந்தேன். அகதிக் கேஸ் இழுபட்டுக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வருவதும் நின்றுபோயிருந்தது.

"சனிக்கிழமையில காகத்துக்கு எள்ளுச்சோறு வையும் தம்பி. மற்றதெல்லாம் தன்பாட்டில சரிவரும்" என்றார் அண்ணை.

எனக்கு இதிலெல்லாம் அரை நம்பிக்கைதான். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது இன்னொரு வாய்க்காகச் சமைப்பது பிடித்திருந்தது. பின்பக்க மதிலில் சோற்றை வைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு சோடி வந்தது. ஊர்க் காகத்தைவிடச் சின்னது, கழுத்தில் அதே சாம்பல் நிறம், கண் மட்டும் வெளிறியிருந்தது. சனீஸ்வரரின் வாகனம்கூட இங்கே வெள்ளைக்காரக் கண்ணோடுதான் திரிகிறது என்று தனியே நின்று சிரித்தேன்.

குளிர் குறைந்ததும் அவை என் அறைச் சுவருக்குள்ளேயே குடிவந்துவிட்டன. அறையில் பழங்காலத்துக் கணப்படுப்பு ஒன்று இருந்தது. நிலக்கரி எரித்த காலம் போய், அதன் வாயில் ஒரு காஸ் ஹீட்டரைப் பூட்டியிருந்தார்கள். மேலே ஏறும் புகைபோக்கி மட்டும் பழையதுதான். அதற்குள்ளிருந்து காலையில் சக் சக் என்று பேச்சுக் கேட்கும். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீட்டில் யாரோ எனக்கு முன்னமே வந்துவிட்டதுபோல இருக்கும். நானும் சுவரைப் பார்த்து இரண்டொரு வார்த்தை பேசுவேன். அந்த அறையில் தமிழ் கேட்டது அப்போது மட்டும்தான்.

அக்டோபரில் குளிர் திரும்பியது. ஹீட்டரைப் போட்டேன். சுவரில் இருந்த காற்றுத் துவாரத்தால் குளிர் வருகிறதென்று பழைய பேப்பரைச் சுருட்டி அடைத்தேன். அந்த வாரமே தலையிடி தொடங்கியது. பேக்கரிக்குப் போனால் பத்து மணிக்குள் விட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை அறையோடு கிடந்தால் மண்டை பிளக்கும், வயிற்றைக் குமட்டும், கால் துவளும். ஆட்களோடு இருக்கையில் வராத நோய் தனியே இருக்கையில் வருகிறதென்றால் அதற்கு வேறென்ன பெயர்? தனிமை ஆளைக் கொல்லும் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னைக் கொல்லத் தொடங்கிவிட்டது என்று உண்மையாகவே பயந்தேன்.

அண்ணையிடம் சொன்னேன். "சனி இப்ப உச்சத்தில நிக்கிறான். சோத்தைக் கொஞ்சம் கூட வையும்" என்றவர், சற்று யோசித்துவிட்டு, "ஒரு கலியாணத்தைக் கட்டினீரெண்டால் இதெல்லாம் பறந்திடும்" என்றார். கலியாணம் என் கையில் இல்லை. சோற்றை இரட்டிப்பாக்கினேன்.

ஜனவரியில் ஒரு காலை வேலைக்கு எழும்ப ஏலாமல் கிடந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தால், முழங்கை வரை கரி பூசிய ஓர் ஆங்கிலேயர். மேல்தட்டுக் கிழவியின் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வந்தவராம். தன் பிரஷ் கூரைக்கு மேலே வந்துவிட்டதா என்று பார்க்கத் தெருவுக்குப் போனபோது, பக்கத்துக் குழாயில் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறார். அது யாருடையது என்று கேட்கத்தான் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கேள்வியை விட்டுவிட்டார். என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஹீட்டரை நிறுத்தினார், ஜன்னலைத் திறந்தார், துவாரத்தில் இருந்த பேப்பரைப் பிடுங்கி எறிந்தார். பிறகு என்னை வாசற்படியில் இருத்தி, தலையிடிக்கிறதா, வீட்டில் இருக்கும் நாளில்தான் கூடவா என்று கேட்டார். சாத்திரக்காரர்கூட இப்படிப் புட்டுப் புட்டு வைத்ததில்லை. மேலே வழி அடைபட்டால் ஹீட்டரின் நச்சு வாயு அறைக்குள்ளேயே திரும்பும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை என்றார். இன்னும் ஒரு ஞாயிறு தாங்கியிருக்கமாட்டாய் என்றும் சொன்னார்.

மறுநாள் காஸ்காரர் ஹீட்டரைக் கழற்றிவைத்த பிறகு புகைபோக்கிக்காரர் திரும்பி வந்தார். தரையெல்லாம் சீலை விரித்து, கம்பை ஒன்றோடொன்று திருகிக் கொக்கியை மேலே ஏற்றினார். இழுக்க இழுக்கக் குச்சி கொட்டியது. இரண்டு சாக்கு நிறைந்தது. நடுவில், லாண்டரியில் திருட்டுப்போனதென்று நான் திட்டித் தீர்த்த கையுறையின் ஒற்றையும் இருந்தது. வேலைக்கிடையில் கதை சொன்னார். முன்னொரு காலம் இந்தக் குழாய்களுக்குள் சின்னப் பிள்ளைகளை ஏற்றித்தான் கரி சுரண்டினார்களாம். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் அப்படி ஏறியவராம். சிலர் உள்ளேயே இறுகிப்போவதும் உண்டாம். கீழே இருப்பவருக்குச் சத்தம் கேட்காதா என்றேன். கேட்கும், ஆனால் என்ன சத்தம் என்று தெரிந்திருக்காது என்றார்.

கடைசியில் பிரஷை ஏற்றிவிட்டு, வெளியே போய்ப் பார்த்துச் சொல்ல வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். நானே போனேன். இரண்டு வருடம் குடியிருந்தும் அந்த வீட்டின் கூரையை நான் அண்ணாந்து பார்த்ததில்லை. வரிசையாக நின்ற குழாய்களில் என்னுடையது எதுவென்று தெரியவில்லை. திடீரென்று ஒன்றிலிருந்து கறுத்த பிரஷ் எட்டிப் பார்த்துச் சுழன்றது. நடுத்தெருவில் நின்று கைதட்டினேன். அதன் பிறகு, பறவை இறங்காமல் குழாயின் வாயில் கம்பிக்கூடு ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு நாள் முழுக்க அறையில் இருந்து தலையிடிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பின்னேரம் நான்கு மணிக்கு வெளிச்சம் மங்கியபோது மற்றது, அந்தத் தனிமை, வந்தது. இரண்டும் ஒன்றாகவே போய்விடும் என்று நம்பியிருந்தேன் போலிருக்கிறது. ஏமாற்றத்தில் அழுகை வந்தது.

மார்ச் மாதத்தில் அந்தச் சோடி குச்சியோடு திரும்பியது. கம்பியில் அலகு தட்டும் சத்தம் அறைக்குள் தெளிவாகக் கேட்டது. என் உயிரை எடுக்கப் பார்த்த கூடு என்று தெரியும். இருந்தும் அந்தக் கம்பியைக் கழற்றச் சொல்லலாமா என்று நினைத்தேன். இரண்டு நாள் தட்டின. மூன்றாம் நாள் சனிக்கிழமை. மதிலில் வைத்த எள்ளுச்சோறு மாலைவரை அப்படியே காய்ந்து கிடந்தது.

திங்கட்கிழமை அண்ணை கேட்டார்: "இப்ப எப்பிடித் தம்பி, சுகமோ?"

"ஓம் அண்ணை, தலையிடி போட்டுது" என்றேன். "இப்ப அறைக்குள்ள நான் மட்டுந்தான்."