பிறை போட்ட விசை

ஒருவரை மனமார வெறுத்துக்கொண்டே அவருக்கு வழிவிட முடியுமா? ஐசால்கினின் வாழ்க்கை கேட்ட கேள்வி இதுதான். அவளை நல்லவள் என்று யாரும் சொன்னதில்லை. அவளும் அதற்கு ஏங்கியவள் அல்ல.

நரின் என்ற மலைநகரத்துப் பனிச்சரிவுக் கண்காணிப்பு அலுவலகத்தில் லேப்டாப்புகளுக்கு லினக்ஸ் போட்டவர்கள் இரண்டு பேர்: அவளும், அவளைவிட இருபது வயது மூத்த மெலிஸும். கணவாய்க்குப் போகிறவர்கள் கையுறையைக் கழற்றாமல் ஒரே விசையில் லேப்டாப்பைத் தூங்க வைக்க வேண்டும். பிறை போட்ட விசையை அழுத்தினால் தூங்கும். எழுப்பினால் விழித்து, உடனே மறுபடி தூங்கிவிடும். எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதிவிட்டு மின்சாரமே இல்லாமல் கிடக்கும் ஆழ்ந்த உறக்கத்துக்கு அலுவலகத்தில் 'கரடித் தூக்கம்' என்று பெயர். அதற்கான விசைக்கும் இதே கதி.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்குக் காட்டுங்க," என்றார் இயக்குநர் எசென்கான். "ஒரு ஆளுக்குத்தான் இனிமே சம்பளம் வருது. யார் செஞ்சது ஓடுதோ அவங்க இருக்கலாம். இன்னொருத்தர் ஆடு மேய்க்கலாம்."

அன்றிலிருந்து அந்த அறையில் அடுப்பு எரிந்தும் குளிர் போகவில்லை. ஐசால்கின் டீ ஊற்ற வந்தால் மெலிஸ் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொள்வார். திட்டும்போதும் அவள் அவரை 'பைகே', அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

"உன் கை பட்டதுதான் தங்கச்சி. மெஷின் நோயாளி மாதிரி படுத்துக்கிட்டே இருக்கு."

"உங்க மூஞ்சியைப் பாக்க வேண்டாம்னுதான் பைகே, முழிச்சதும் கண்ணை மூடிக்குது."

"நாக்கு நீளமா இருந்தா விசை வேலை செய்யாது."

"வயசு நீளமா இருந்தாலும் செய்யாது."

சோதித்துப் பார்க்க இருந்தது ஒரே லேப்டாப். அதில் விசைகளுக்கான கட்டளைகளை எழுத ஆளுக்கொரு கோப்பு, முறை வைத்து வேலை. அடுத்தவர் கோப்பைத் திறப்பது, அடுத்தவர் கட்டிய குதிரையை அவிழ்ப்பதற்குச் சமம். அங்கே குதிரையை அவிழ்த்தவனோடு யாரும் ரொட்டி பிய்ப்பதில்லை. ஆகவே இருவரும் தத்தம் கோப்பிலேயே பிழையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் மெலிஸ் லக்மான் நூடுல்ஸ் சாப்பிடப் போனார். ஐசால்கின் குதிரையை அவிழ்த்தாள்.

அவர் கோப்பின் தலையில் ஒரு குறிப்பு: "அந்தப் பொண்ணு கை வைக்காம இருந்தாலே போதும்." அதன் கீழே அவள் எழுதியிருந்த அதே கட்டளைகள்தான். விசையை ஒருமுறை அழுத்தினால் இரண்டு கோப்புகளும் 'தூங்கு' என்கின்றன. முதல் கட்டளைக்குத் தூங்கிய மெஷின், விழித்ததும் காத்திருந்த இரண்டாவதற்கும் கீழ்ப்படிகிறது. வேறு பிழையே இல்லை. ஒரு கோப்பு போனால் போதும்.

"கிழட்டுக் கழுதை," என்று வாய்விட்டே சொன்னாள். அவர் கோப்பை அழிக்க அவளுக்கு அதிகாரம் இருந்தது. அழித்திருந்தால் கேட்பாரும் இல்லை. விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அதை மூடிவிட்டுத் தன் கோப்பை அழித்தாள்.

மாலையில் எசென்கான் அழுத்தினார். தூங்கியது. எழுப்பினார். விழித்தது, விழித்தே இருந்தது. கரடித் தூக்கமும் அப்படியே.

"யார் செஞ்சது?"

"என் கோப்புதான்," என்றார் மெலிஸ். "பாத்தியா தங்கச்சி, பொறுமை வேணும்."

"உங்க பொறுமையில இடி விழ," என்று தன் கிண்ணத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனவள் அந்த வாசலைப் பிறகு மிதிக்கவில்லை. இப்போது சந்தையில் போன் பழுது பார்க்கிறாள். மெலிஸ் பேச்சு வந்தால் இன்றும் வசைதான். வீட்டில் கணவனிடம் மட்டும் ஒருமுறை நடந்ததைச் சொன்னாள். "அப்புறம் ஏன்டி உன்னோடதை அழிச்ச?" என்று அவன் டீக்கெண்டியைச் சாய்த்தபடி கேட்டான். அவள் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.