நாலு இஞ்ச் பைப்பில் ஒரு கிளாரினெட்

டிசம்பர் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்து. விடாத தூறல். மலையின் மேல் பாதி மேகத்துக்குள் இருந்தது. மறுநாள் மலையில் கார்த்திகை தீபம். பிளம்பர் என் வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு, நாலு இஞ்ச் பிவிசி பைப்பில் இரண்டடி அளந்து அறுத்துக்கொண்டிருந்தார். என் கிளாரினெட்டுக்குப் பெட்டி தயாராகிக்கொண்டிருந்தது.

சாதாரணக் கிளாரினெட் நடுவில் இரண்டாகக் கழலும். அதற்குப் பெட்டி எந்த வாத்தியக் கடையிலும் கிடைக்கும். என்னுடையது கழலாது, உடல் முழுக்க ஒரே மரம், இருபது அங்குலம். பதினெட்டு வருடத்துக்கு முன் செங்கம் ரோட்டில் அறையைக் காலி செய்துகொண்டு ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. அடியில் ஒரு சாவி கூடுதல். அதை அழுத்தினால் மற்றக் கிளாரினெட்டுகளில் இல்லாத ஒரு கீழ் ஸ்வரம் வரும். என் மனைவிக்கு அந்தச் சத்தம் ஆகாது. கேட்ட மாத்திரத்தில் சமையலறையிலிருந்து கையை வீசிக்கொண்டு வருவாள்.

"ஏங்க, அந்த எருமைய நிறுத்துங்க. பால் திரிஞ்சிடப் போவுது."

அவள் பேசி ஒன்பது நாள் ஆகியிருந்தது. பக்கவாதம். வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், கூரையைப் பார்த்தபடி. பழகின சத்தம் ஏதாவது காதில் விழட்டும் என்று டாக்டர் சொன்னாராம். மகள் பாட்டுப் போட்டாள், பேரப்பிள்ளையைப் பேச வைத்தாள், கண் அசையவில்லை. நான் இங்கிருந்து போனில் ஊதினேன்.

"கொசு மாதிரி கேக்குதுப்பா. எருமையே வரல," என்றாள் மகள்.

அந்த ஸ்வரம் போனில் ஏறாது. நேரில்தான் கொண்டுபோக வேண்டும். மறுநாளானால் தீபக் கூட்டத்தில் பஸ் நகராது. பழைய பெட்டியையோ இந்த மழைக்குக் கரையான் தின்றிருந்தது. பேட்மின்டன் பை, போட்டோ ஸ்டாண்டு பை, இரண்டும் பார்த்தேன், துணிதான். சாவிகளைத் தாங்கும் கம்பிகள் சைக்கிள் ஆரத்தைவிட மெல்லியவை. கூட்டத்தில் ஒரு முழங்கை பட்டால் போதும். அப்படித்தான் பைப்புக்கு வந்து சேர்ந்தேன்: ஒரு பக்கம் ஒட்டிய மூடி, மறுபக்கம் திருகு மூடி.

நான் கணக்குப் பார்ப்பவன், சகுனம் பார்ப்பவன் அல்ல. ஆனாலும் மனைவியின் பழைய புடவையில் வாத்தியத்தைச் சுற்றி, அந்த நீளமான மூட்டையைப் பைப்புக்குள் இறக்கியபோது பிணத்தைக் குழிக்குள் இறக்குவது போலிருந்தது. எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டார். மூட்டையை வெளியே எடுத்துத் தலைகீழாக வைத்தேன். திருப்தியில்லை. மறுபடி மாற்றினேன்.

"உள்ள ஒரு சொட்டுத் தண்ணி போவக் கூடாதுப்பா," என்றேன். இதை ஏழெட்டு முறையாவது சொல்லியிருப்பேன்.

"கவலைய விடுங்க சார்," என்றார் பிளம்பர். நான் குடை எடுக்க உள்ளே போய் வருவதற்குள் மூடியை இறுக்கிவிட்டிருந்தார்.

போளூர் ரோட்டுத் தற்காலிக பஸ் நிலையத்துக்கு முன்னால் தடுப்பு போட்டிருந்தார்கள். ஒரு பெண் காவலர் கை காட்டினார்.

"பெரியவரே, இன்னா அது?"

"வாத்தியம்மா. ஊதறது."

"ஊதறத எதுக்குப் பைப்புல போட்டு அடைச்சு வச்சிருக்கீங்க? தொறங்க."

திருகினேன். அசையவில்லை. அவரும் திருகிப் பார்த்தார். இன்னொரு காவலர் வாங்கி ஆட்டினார். உள்ளே தொம் என்று ஏதோ இடித்தது. அவர் முகம் மாறிவிட்டது. பைப்பை மெல்லத் தரையில் வைத்தார்.

"எல்லாரும் பின்னால போங்க. பெரியவரே, நீங்களும்தான்."

கூட்டம் விலகியது. ஈரத் தார் ரோட்டில் பைப் மட்டும் கிடந்தது. மணல் மூட்டைகள் வந்தன, பின்னாலேயே இன்ஸ்பெக்டரும் வந்தார். யாரோ, "தண்ணித் தொட்டியில முக்கிடலாமா சார்?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டது காதில் விழுந்தது.

"தண்ணி வேணாங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "மரம் வெடிச்சிடும். என் வீட்டுக்காரி வேலூர்ல..."

இன்ஸ்பெக்டர் என் போனிலிருந்தே பிளம்பரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆமா சார், திருகுலயும் ஒட்டற சொல்யூஷன் ஊத்திதான் மூடினேன். அவர்தானே ஒரு சொட்டு போவக் கூடாதுன்னாரு? இனிமே யானை மிதிச்சாலும் கழலாது சார்."

பைப் என்றால் ஒட்ட வேண்டும். அவர் கை அப்படிப் பழகியிருக்கிறது. நானும் அதையேதான் விரட்டி விரட்டிச் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஆக்ஸா பிளேடு வாங்கித் தரச் சொன்னார்கள். வாங்கினேன். காவலர் மண்டியிட்டார்.

"எந்தப் பக்கம் அறுக்கறது?"

அந்தக் கீழ்ச் சாவி முனையிலேயே இருக்கிறது. அது எந்த முனையில் என்று எனக்கு நினைவில்லை. மூட்டையை எத்தனை முறை புரட்டினேன் என்பதை மட்டும் எண்ணாமல் விட்டிருந்தேன். திருகு மூடியைக் காட்டினேன்.

வெள்ளைத் தூள் உதிர்ந்தது. பிளேடு கரகரவென்று போய்க்கொண்டிருந்தது, திடீரென்று கீச்சென்றது. உலோகம்.

"நிறுத்துங்க!"

புடவை அறுபட்டிருந்தது. கீழ்ச் சாவியின் கம்பி வளைந்து, அதன் நுனியிலுள்ள வட்ட மூடி துளையின் மேல் படாமல் அந்தரத்தில் நின்றது. துளை மூடாவிட்டால் எருமை இல்லை. விரலால் அழுத்தினேன், மூடியது. விட்டேன், எழுந்தது. பெண் காவலர் குனிந்து பார்த்தார். பிறகு தன் டிபன் பொட்டலத்தைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி நீட்டினார்.

"இத்த மாட்டுங்க தாத்தா. பஸ் கெளம்பப் போவுது, ஓடுங்க."

வேலூர் வரை அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். ரப்பர் பேண்டு அறுந்தால் வேறில்லை.

வார்டில் இரண்டு நிமிடம்தான் என்றார் நர்ஸ். மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாத் துளைகளையும் மூடி ஊதினேன். வெறும் காற்று வந்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ரப்பர் பேண்டை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி ஊதினேன். எருமை கத்தியது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அவள் வாய் திறக்கவில்லை. புருவம் மட்டும் சுருங்கியது. பிறகு இடது கை போர்வைக்கு மேல் இரண்டு அங்குலம் எழும்பி, வெளியே போ என்பதுபோல் ஒரு தரம் வீசியது.

"போதும் தாத்தா," என்றார் நர்ஸ்.

பைப், இரண்டு மூடி, சொல்யூஷன், கூலி, பிளேடு, பஸ் எல்லாம் சேர்த்து எழுநூற்று ஐம்பத்து மூன்று ரூபாய்.