தோல் இல்லாத மேளம்

மேளம் என்றால் தோல் வேண்டும், அதை அடிக்க ஆம்பளைக் கை வேண்டும். எங்கள் பாடகர் குழுவில் இப்படி ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன், வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

தமிழ்ப் பூசை நடக்கும் எங்கள் கத்தோலிக்கக் கோயில், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து போகும் தூரம். நாங்கள் குடியிருந்ததோ தீவின் மேற்குக் கோடியில், பூன் லேயில். எழுபதுகளின் கடைசி அது. ஜூரோங்கில் ரேடியோ செய்யும் தொழிற்சாலை ஒன்றில், வந்த ரேடியோ பாடுகிறதா என்று சோதித்து அனுப்புவது என் வேலை. ஞாயிறு காலை அம்மாவும் நானும் பஸ் மாறி மாறிக் கோயிலுக்குப் போவோம். பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நின்று பாடுவேன். பாடுவேன் என்பது ஒரு மரியாதைக்கு. குரல் சுமார்தான். விரல்தான் சும்மா இருக்காது, முன் பெஞ்சின் முதுகில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

குழுவுக்குத் தபலா வாசித்தவர் தபலாவைக் கோயிலிலேயே விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அதோடு எங்கள் பாட்டுக்கு இடுப்பு ஒடிந்தது. ஆர்மோனியம் வாசித்துக் குழுவை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். அவர் ஒரு பக்கம் இழுப்பார், ஆண்கள் ஒரு பக்கம் இழுப்பார்கள். பூசை முடிந்து சனம் கோப்பிக் கடையில் போய் உட்கார்ந்த பிறகும் எங்கள் கடைசிப் பாட்டு முடிந்திருக்காது. கேட்கவே வெட்கமாக இருந்தது.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டுவிட்டேன். “மாஸ்டர், நான் தாளம் போடறேனே. எனக்கு நல்லா வரும்.”

அவர் சிரித்தார். “பொம்பளைங்க பாடுங்கம்மா. தாளமெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குவோம் லா.”

“எந்த ஆம்பளை மாஸ்டர்? ஆளே இல்லையே.”

“வருவாங்க, வருவாங்க. நீ சபைக்கு முன்னால உக்காந்து மேளம் அடிச்சா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? அந்தத் தபலால கை வைக்காதே.”

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. அந்தத் தபலா உறைக்குள் கிடந்து பூசணம் பூத்தாலும் பூக்கலாம், நான் மட்டும் தொடக்கூடாது! சரி, உங்கள் தபலாவை நீங்களே கட்டிக்கொண்டு அழுங்கள், என் மேளத்தை நானே செய்துகொள்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். அம்மா வழியெல்லாம் “முகத்தைத் தூக்கி வெச்சுக்காதேடி” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மின்சாரத்திலேயே வாத்தியச் சத்தம் எழுப்பும் சின்தசைசர் எனக்குப் புதிதல்ல. பிராஸ் பாசா பழைய புத்தகக் கடையில் வாங்கிய வெளிநாட்டு மின்னணுப் பத்திரிகை ஒன்றில் மாடுலர் வகைச் சின்தசைசரின் படங்கள் இருந்தன. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிப் பெட்டி, பெட்டிக்குப் பெட்டி ஒயர். சத்தத்தைப் பிறப்பிக்க ஆசிலேட்டர் என்று ஒன்று. அந்தச் சத்தத்தைத் திறந்து மூடும் கதவு மற்றொன்று. அந்தக் கதவுக்கு லோ பாஸ் கேட் என்று பெயர் போட்டிருந்தார்கள். இந்தக் கதவைச் சரியாகத் திறந்து மூடினால் மேளச் சத்தம் வரும் என்று ஓரத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரி எனக்குப் போதும்.

கதவின் சூட்சுமம் வெளிச்சம். சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று, அதற்கு எதிரே, வெளிச்சம் பட்டால் மின்சாரத்துக்கு வழிவிடும் செல் ஒன்று. இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்து, கோப்பிக் கடை ஸ்ட்ராவுக்குள் நுழைத்து, மேலே கறுப்பு டேப் சுற்றினேன். உள்ளே கும்மிருட்டு. விளக்கு எரிந்தால் சத்தம் வெளியே வரும், அணைந்தால் நிற்கும். இருட்டு இருக்கும்வரைதான் அது கதவு. வெளியே இருந்து வெளிச்சம் புகுந்தால் கதவு திறந்தே கிடக்கும், ஆசிலேட்டர் நாய் மாதிரி ஊளையிடும்.

பொத்தானுக்கு, வீட்டு வாசல் மணிக்கு வைக்கிறார்களே, அதையே இரண்டு வாங்கி வைத்தேன். அழுத்தினேன். மேளம் வரவில்லை, கப்பல் சங்கு வந்தது. கையை எடுக்கும்வரை ஒரே ஊதல்.

“என்னடி அது, ஹார்பருக்கே கேக்கும் போலிருக்கே!” என்று அம்மா அடுக்களையிலிருந்து கத்தினாள்.

பல நாள் இதே கதை. பிறகுதான் உறைத்தது. மேளத்தை யாராவது அழுத்திப் பிடிப்பார்களா? அடித்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். பொத்தானுக்கும் விளக்குக்கும் நடுவில் சின்ன கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டேன். இப்போது நான் எவ்வளவு நேரம் அழுத்தினாலும் விளக்குக்கு ஒரே ஒரு குத்துதான் போகும். பளிச், அவ்வளவுதான். விளக்கு அணைந்துவிடும். ஆனால் செல் உடனே அணையாது, கண் கூசியவன் மாதிரி கொஞ்சம் தடுமாறித்தான் மங்கும். அது மங்க மங்கச் சத்தத்தின் கூர்மை முதலில் போகும், கனம் அதற்குப் பின்னால் போகும். தோலில் அடித்தாலும் கட்டையில் தட்டினாலும் நடப்பது அதேதான்.

அழுத்தினேன். டொக்.

அம்மா கரண்டியோடு ஹாலுக்கு வந்து, வாசல் கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். “யாரோ கதவைத் தட்டினாங்களே?”

ஐயோ, அன்று நான் குதித்த குதியைப் பார்த்திருக்க வேண்டும்! அம்மாவைக் கட்டிப்பிடித்ததில் கரண்டியிலிருந்த குழம்பு என் சட்டையில்.

அதன்பின் சுங்கை ரோட்டில் பழைய சாமான் விரித்து விற்கும் சீன அங்கிளிடம் விதவிதமான செல்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். சோம்பேறிச் செல் மெதுவாக மங்கும். ஆசிலேட்டரின் சுருதியைக் கீழே இறக்கி அதை வைத்தால் வயிற்றில் விழுகிற மாதிரி ‘டும்’. துடிப்பான செல்லுக்குச் சுருதியை ஏற்றினால் ‘டக்’. இடது பொத்தானுக்கு டும், வலது பொத்தானுக்கு டக். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடக்கி, மூடியைத் திருகாணி போட்டு முடுக்கினேன். பொத்தான்கள் டின்னின் பக்கவாட்டில் இருந்தன. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனபோது பக்கத்துச் சீட்டுக்காரர், “ரேடியோவா தங்கச்சி?” என்று கேட்டார். “மேளம்ண்ணே” என்றேன். அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மாஸ்டர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். “இது மேளமா? வாசல் மணி. கரண்டு போச்சுன்னா என்ன பண்ணுவே?”

“உங்க மைக் என்ன பண்ணுமோ அதைத்தான் மாஸ்டர்.”

அவர் நேரே பங்குத்தந்தையிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். இளைஞர் குழு கித்தார் சத்தத்தைப் பெருக்க வைத்திருந்த ஆம்பில் சொருகி ஃபாதருக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நல்லாத்தான் இருக்கு. பாஸ்காவுக்கு வாசிம்மா. ஆனா ஒரு தகராறு வந்தாலும் அதோட விட்டுடணும். அப்புறம் பெட்டியைத் தூக்கிட்டு வரக்கூடாது. சரியா?”

“சரி ஃபாதர்” என்றேன். வேறு என்ன சொல்வது? ஒரே ஒரு வாய்ப்பு.

பாஸ்கா, அதாவது ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை இரவுப் பூசை, எப்படித் தொடங்கும் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். கோயிலில் விளக்கெல்லாம் அணைந்திருக்கும். கையில் மெழுகுதிரி மட்டும். பெரிய வியாழனிலிருந்து மணிச் சத்தம் கிடையாது, பெரிய வெள்ளியன்று மரக்கட்டை தட்டுவதோடு சரி. சனிக்கிழமை வேத வாசகங்கள் முடிந்து வானவர் கீதம் என்ற புகழ்ப்பாட்டு தொடங்கியதும் எல்லா மணியும் ஒன்றாக அடிக்கும், மேளம் முழங்கும். என் மேளம் முதன்முதலாகப் பேச வேண்டிய இடம் அதுதான்.

அம்மா வற்புறுத்திப் பட்டுச்சேலை கட்டிவிட்டாள். தமிழ்ப் பூசைக்குப் பெண்கள் முக்காடு இல்லாமல் வரக்கூடாது, அதுவும் பாடகர் குழுவில் நிற்பவள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பெட்டியோடு தரையில் உட்கார்ந்தேன். கோயில் நிரம்பி வழிந்தது. புழுக்கம். சூடு ஏறினால் ஆசிலேட்டரின் சுருதி நழுவும் என்று தெரியும். ஆம்பை அடைத்துவிட்டு, டிரான்சிஸ்டர் ரேடியோவின் காதுக்குழாயைப் பெட்டியில் மாட்டிக் கேட்டேன். டும், தண்ணீரில் விழுந்த தேங்காய் மாதிரி தொளதொளத்திருந்தது. சுருதித் திருகு டின்னுக்குள்ளே. வாசகம் ஓடிக்கொண்டிருக்கும்போது இருட்டிலேயே மூடியைக் கழற்றித் திருகினேன். சுருதி சேர்ந்தது. மூடியைத் திரும்ப மாட்டலாம் என்று பார்த்தால் திருகாணி விரல் நழுவி எங்கோ உருண்டுவிட்டது. மூடியும் நிற்கமாட்டேன் என்றது. போகட்டும், இருட்டுத்தானே என்று மூடியைக் கீழே வைத்துவிட்டு ஆம்பைத் திறந்தேன்.

இருட்டுத்தானே! பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் பார்த்தவள் நான். வானவர் கீதம் தொடங்கினால் மணி மட்டுமா அடிக்கும்? கோயில் விளக்கு அத்தனையும் ஒன்றாக எரியும். எந்தக் கத்தோலிக்கச்சி இதை மறப்பாள்?

ஃபாதர் தொடங்கினார். மணிகள் அடித்தன. விளக்குகள் பளீரென்று எரிந்தன. டேப் சுற்றிய ஸ்ட்ராக்களின் முனைகள் ஒழுங்காக அடைபடாதது அப்போதுதான் தெரிந்தது. வெளிச்சம் புகுந்து கதவு இரண்டும் திறந்துகொள்ள, ஆம்ப் ‘ஊ’ என்று ஊளையிட ஆரம்பித்தது. முன்வரிசைக் குழந்தை வீறிட்டது. சபை மொத்தமும் திரும்பியது. மாஸ்டர் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, அணை, அணை என்று சைகை காட்டினார். அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. அதை மட்டும் நான் பார்க்காமல் இருந்திருந்தால் அணைத்துத்தான் இருப்பேன்.

தலையிலிருந்த முந்தானையை உருவினேன். இரண்டாக மடித்துப் பெட்டியின் மேல் போட்டேன். கெட்டிப் பட்டு, சொட்டு வெளிச்சம் புகாது. ஊளை நின்றது. கையை உள்ளே விட்டுப் பொத்தான்களைத் தடவிப் பிடித்தேன்.

டும் டக் டக், டும் டக் டக்.

பெண்கள் வரிசை முதலில் பிடித்துக்கொண்டது. பிறகு ஆண்கள். பிறகு சபை. யாரும் இழுக்கவில்லை, இழுக்க நான் விடவில்லை. எல்லோரும் நின்று பாடினார்கள். முந்தானை பெட்டியில் மாட்டிக்கொண்டதால் நான் மட்டும் குனிந்தபடியே, வெறுந்தலையோடு, கோயில் நடுவில் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாகவா இருந்தது? துளிகூட இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததே கிடையாது.

பூசை முடிந்ததும் மாஸ்டர் வந்தார். ஊளையைப் பற்றிப் பேசுவார் என்று பார்த்தேன்.

“சத்தம் வந்தது போகட்டும். சபைக்கு முன்னால தலைத்துணியை உருவிட்டு உக்காந்தியே, அதுக்கு என்ன சொல்றே? முக்காடு இல்லாதவ என் குழுவுல நிக்கக்கூடாது.”

“இதே கோயில்ல நமக்கு முந்தி இங்கிலிஷ் பூசைக்கு வர்றவங்க யாரு மாஸ்டர் முக்காடு போடறாங்க? அவங்க பாட்டு மட்டும் மேல போகுதா?”

“எதிர்த்துப் பேசாதே. நாளைக்கு நீ வர வேண்டாம்.”

ஃபாதரைப் பார்த்தேன். “குழு மாஸ்டரோடதும்மா, அவர் இஷ்டம்” என்றார். அந்த வாரத்தில்தான் பிலாத்து கை கழுவியதை வாசித்துக் கேட்டிருந்தோம், இவர் நேரிலேயே கழுவிக் காட்டினார்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. வேறு திருகாணி போட்டு மூடியை முடுக்கி, ஸ்ட்ரா முனைகளை அடைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அம்மா வாசலில் மறித்தாள். பெரிய வெள்ளிக்கு அவள் போடுகிற கெட்டிக் கறுப்பு முக்காட்டை என் கையில் திணித்தாள். “நீ சொன்னா கேக்க மாட்டே. இதையாவது போட்டுக்கோடி. போட்டுக்கிட்டா அந்த மனுஷன் ஒண்ணும் சொல்ல முடியாது.”

அவள் சொன்னது சரிதான். அதைப் போட்டுக்கொண்டிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும்.

கோயிலில் என் இடத்தில் போய் உட்கார்ந்து ஆம்பில் சொருகினேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார். ஆர்மோனியத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், தொடங்கவில்லை. ஃபாதர் வாசலில் பவனிக்குக் காத்திருந்தார். சபை எழுந்து நின்றது. பாட்டு இல்லை. யாரோ இருமினார்கள். நான் யார் தலையசைப்புக்கும் காத்திருக்கவில்லை. டும் டக் டக். என் பின்னாலிருந்து பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் வருகைப் பாட்டை எடுத்தார்கள். இரண்டாம் அடியில் ஆர்மோனியம் வந்து சேர்ந்துகொண்டது, வேறு வழி?

ஜன்னல் வழியாக வெயில் நேராக என் தலையில் விழுந்தது. என் தலையில் ஒன்றும் இல்லை. அம்மாவின் கறுப்பு முக்காட்டைப் பெட்டிக்குப் போட்டிருந்தேன்.