அப்பாவுக்காக ஹம்சா எழுதிய தலைப்பு

என் தங்கை ஹம்சாவின் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். இணையத்தில் யாராவது எதையாவது தேடினால் கடைகளின் பெயர்கள் வரிசையாக வரும் அல்லவா? அதில் வரும் தலைப்பையும் அதற்குக் கீழே உள்ள இரண்டு வரிகளையும் எழுதுவாள். அவற்றைப் படித்துத்தான் பக்கத்தைத் திறப்பதா வேண்டாமா என்று ஜனங்கள் முடிவு செய்கிறார்கள். எட்டு வருஷமாக மயிலாப்பூர் வீட்டிலிருந்தே தி. நகர் கடைகளுக்கு எழுதிக்கொடுத்து வந்தாள்.

ஜவுளிக்கடை வெள்ளைத்துரை ஒருமுறை சண்டைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, தலைப்புலேர்ந்து எங்க தாத்தா பேரையே தூக்கிட்டியே!"

"தேடறவாளுக்கு உங்க தாத்தாவைத் தெரியாது சார். அவாளுக்கு முகூர்த்தப் பட்டுதான் வேணும்."

அவர் சிரித்துவிட்டார். அந்த மாதம் கடையின் பக்கத்தைத் திறந்தவர்கள் இரண்டு மடங்கானார்கள்.

போன ஆவணியில் ஒரு காலை, அப்பா பனியனும் வேட்டியுமாக வெளியே போனவர் திரும்பவில்லை. இரண்டு வருஷமாகவே அவருக்குத் தன் பெயர்கூட நினைவில் இல்லை. 'லஸ் பஸ் வந்துடுத்தா?' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். போலீஸில் புகார் கொடுத்தோம். ஹம்சா அன்றே தன் தளத்தில் அவருக்கென ஒரு பக்கம் போட்டாள். 'பெயர் சொல்லத் தெரியாத முதியவர்' என்று தலைப்பை ஆரம்பித்தாள்.

அம்மா பின்னாலிருந்து படித்துவிட்டாள். "மறதின்னு ஊருக்கே சொல்லணுமா? ஸ்ரீரஞ்சனியைப் பொண் பார்க்க வரப்போறா. அவரோட பேரும் உத்தியோகமும் போட்டா போறாதா?"

ஸ்ரீரஞ்சனி என் மகள். நானும் ஹம்சாவிடம், "மாத்திடு" என்றேன்.

மாற்றினாள். 'சுப்பராமன், ஓய்வு பெற்ற தலைமைப் பொறியாளர், மயிலாப்பூர்.' படம் பக்கத்தின் உள்ளே இருந்தது.

ஹம்சா தூங்கவில்லை. எட்டாம் நாள் கணக்கு: தேடியவர்கள் கண்ணில் தலைப்பு பட்டது நானூற்றுப் பன்னிரண்டு முறை, திறந்தது மூன்று. "யாரும் உள்ளேயே வரலையே அண்ணா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் யாரையும் கேட்காமல் மாற்றி எழுதினாள்: 'பெயர் சொல்லத் தெரியாது, லஸ் பஸ் வந்துடுத்தா என்று கேட்பார், பனியன், வேட்டி.'

மறுநாள் காலை ராயப்பேட்டையில் ஒரு முதியோர் காப்பகத்தில் வேலை பார்க்கும் சகினா என்ற பெண் ஹம்சாவிடம் போனில் பேசினாள்.

"அக்கா, நாலு நாள் முன்னாடியே தேடினேன்க்கா. பொறியாளர்னு போட்டிருந்துச்சு. இவரு அழுக்கு வேட்டியில கீறாரு, பேரும் சொல்லத் தெரில. பெரிய இடத்து ஆளு, வேற யாரோன்னு தொறக்கல. இப்போதான் பஸ்ஸுன்னு பாத்தேன்." பிறகு சொன்னாள்: "முந்தாநாள் காய்ச்சல்ல போய்ட்டாருக்கா."

காரியங்கள் முடிந்தன. "இப்பவாவது அந்தப் பக்கத்தை எடுத்துடேன்" என்று அம்மா கேட்டாள். ஹம்சா எடுக்கவில்லை. தினமும் காலையில் காபி குடிக்கும் முன் கணக்கைப் பார்க்கிறாள். கண்ணில் படுகிறவர்களில் பாதிப்பேர் இப்போது திறக்கிறார்கள்.